தகரக் கார்டு காட்டிய சிவப்புக் கொடி

பெண் பார்க்கப் போகிற பையன்கள் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. அனுபவப்பட்டவன் சொல்கிறேன். நான் திறந்தேன். அதனால் என் நிச்சயதார்த்தம் நடுவழியில் பன்னிரண்டு நிமிஷம் நின்றது. அக்கம்பக்கத்தில் ஒரு ஸ்டேஷன்கூடக் கிடையாது.

இரண்டாவது உலகச் சண்டைக்காலம். எனக்கு இருபத்து மூன்று வயது. ராசிபுரத்தில் எங்களுக்கு நான்கு தறி. என் கை சும்மா இருக்காது என்று ஊரில் ஒரு பேர் உண்டு. (சிலர் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள். என் தாய்மாமன் கந்தப்பன் வசவாகவே சொல்வார்.) பெண் சேலம் சூரமங்கலம். பெயர் சரசு. அவள் அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. இருபத்தெட்டு வருஷம் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போய்ப் போய், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர் ஆகிவிட்டவர். எதற்கெடுத்தாலும் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பார். காபி குடித்து முடித்தால்கூட மணி பார்ப்பார்.

பெண் பார்த்த அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. நெசவு தவிர வேறென்ன தெரியும்? ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. ஆனால் கதவோரம் ஒரு பச்சைப் புடவை அசைந்தது. எனக்கு மண்டைக்குள் நீராவி ஏறிவிட்டது.

"ரயில் வண்டி செய்வேனுங்க" என்றேன்.

அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம்.

"நிச்சயத்தன்னிக்கு வெத்தலைத் தட்டை யாரும் தூக்கியார வேண்டாமுங்க. நான் செய்யற வண்டியே கொண்டாந்து உங்க முன்னால நிறுத்துமுங்க."

கார்டு கடிகாரத்தை எடுத்தார். பார்த்தார். உள்ளே வைத்தார். "பாக்கலாமுங்க" என்றார்.

இதில் ஒரு முறை இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டு வெற்றிலைத் தட்டைத் தாய்மாமன்தான் ஏந்திப் போக வேண்டும். பெண்ணின் அப்பா அதை வாங்கி மடியில் வைத்தால்தான் பேச்சு உறுதி. அதுவரை யார் வேண்டுமானாலும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போகலாம். நான் வாயைத் திறந்த அந்த நிமிஷத்தில் கந்தப்ப மாமாவின் ஆயுள்கால உரிமை ஒரு தகரப் பெட்டிக்குப் போய்விட்டது. ஊர் திரும்பும் வரை அவர் என்னிடம் பேசவில்லை. பஸ் டிரைவரிடம் மட்டும் சொன்னார்:

"இருவத்தி மூணு வருசமா இந்த ஒரு தட்டைத் தூக்கோணும்னுதானுங்க காத்துட்டிருந்தேன்."

அடுத்த சிக்கல், எனக்கு ரயிலே தெரியாது. ராசிபுரத்துக்கு ரயில் கிடையாது. அதுவரை இரண்டு முறை ஏறியிருக்கிறேன், இரண்டு முறையும் தூங்கிவிட்டேன். ஆகவே ஒரு நாள் காலையில் சேலம் ஜங்ஷனுக்குப் போய், பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் எழுதிக்கொண்டேன். அங்கே நின்ற ஒரு கார்டின் கையில் இரண்டு கொடி. வண்டி புறப்படும்போது பச்சையை ஆட்டினார். சிவப்பு எதற்கு என்று தெரியவில்லை. யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்காமல் நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்: போனால் பச்சை, வந்து சேர்ந்தால் சிவப்பு. மேலும், நெசவுக்காரன் வீட்டில் சிவப்புக்கு வேறு அர்த்தமே கிடையாது. முகூர்த்தப் புடவை சிவப்பு, குங்குமம் சிவப்பு. மாமனார் முன்னால் வண்டி வந்து நின்றதும் சிவப்புக் கொடி உயர்ந்தால் எவ்வளவு மங்களமாக இருக்கும் என்று நினைத்தேன்.

நாற்பது நாள் வேலை. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, மடக்கி, முழ நீளத்துக்கு ஒரு பெட்டி. நூல் சுற்றும் கட்டையை வட்டம் வட்டமாக அறுத்துச் சக்கரம். குடைக்கம்பியில் அச்சு. ஓட்டுவதற்கு எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் சுருள்வில். (அந்தக் கடிகாரத்தில் இன்றைக்கும் மணி ஆறேகால்தான்.) அச்சின் நடுவில் ஒரு புளியமர வட்டு. துளையை மையத்தில் போடாமல் வேண்டுமென்றே ஓரமாகப் போட்டேன். வண்டி ஓடினால் வட்டு நொண்டும். அந்த நொண்டலில் மேலே இருக்கும் கம்பிகள் ஏறி இறங்கும். கம்பிகளின் நுனியில்தான் என் கலை.

ஜன்னலில் ஒரு செட்டியார். சக்கரம் சுற்றச் சுற்ற வெற்றிலை மெல்லுவார். பின்கதவில் ஒரு ஆடு. தலையை வெளியே நீட்டி, எட்டிப் பார்த்து, உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் தகரக் கார்டு. வண்டி ஓடும் வரை பச்சைக் கை ஆடும். நின்றால், உள்ளே ஒரு ஈயக்குண்டு இறங்கிச் சிவப்புக் கையைத் தூக்கிவிடும். கூரைமேல் தட்டு. எங்கள் வீட்டுக் கூடத்தில் பதினோரு முறை ஓட்டினேன். பதினோரு முறையும் தட்டில் வெற்றிலையும் பாக்கும் ஏற்றி ஓட்டினேன். ஒரு முறைகூட நடுவில் நிற்கவில்லை. அம்மா கண்ணில் நீர் வந்தது. கடிகாரத்தை நினைத்தா, வண்டியைப் பார்த்தா என்று நான் விசாரிக்கவில்லை.

நிச்சயம் ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கும், அதற்குள் தட்டு கைமாறியாக வேண்டும். காலையில் கரி பஸ் ஏறினோம். அப்போது பெட்ரோல் கிடையாது, பஸ்ஸின் முதுகில் கரியடுப்பு. ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். நான் மட்டும் இறங்கவில்லை. மடியில் வண்டி இருந்தது. மற்ற பதினெட்டுப் பேர் தள்ள, நானும் ஆடும் செட்டியாரும் உட்கார்ந்து போனோம். சூரமங்கலம் போய்ச் சேரும்போது பதினொன்றே கால்.

கூடத்தில் இந்தப் பக்கம் எங்கள் பாய், அந்தப் பக்கம் அவர்கள் பாய். நடுவில் எட்டடிக்கு மூங்கில் தண்டவாளம் போட்டேன். வில்லை முறுக்கினேன். தட்டை வைத்தேன். அப்போது கந்தப்ப மாமா எழுந்து வந்து, பையிலிருந்து ஒரு தேங்காய் எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"மூணு தேங்காயில்லாத தட்டை நம்ம சனத்துல எவனாச்சும் மாத்துவானா சாமி?" என்றார்.

அவர் சொன்னது சரி. வெற்றிலைத் தட்டில் தேங்காய் உண்டு என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். நாற்பது நாள் எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

வண்டி புறப்பட்டது. பச்சைக் கொடி ஆடியது. செட்டியார் மென்றார். ஆடு எட்டிப் பார்த்தது. பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் ஒரு குரலை நான் அடையாளம் கண்டுகொண்டதாக நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்றடி. நாலடி. அச்சு வளைந்து புளியமர வட்டு தகரத்தில் உரசும் சத்தம், மாவு மில் பட்டை வழுக்குகிற மாதிரி. ஐந்தாவது அடியில் வண்டி நின்றது.

ஈயக்குண்டு இறங்கியது. சிவப்புக் கை நிதானமாக, மிக அழகாக, மேலே எழுந்தது.

தட்டை வாங்க நீண்டிருந்த கார்டின் இரண்டு கையும் பின்னால் போயின. அவர் அதை யோசித்துச் செய்யவில்லை. இருபத்தெட்டு வருஷம் செய்தது.

"சிவப்பு" என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு நாப்பத்தாறு."

நான் எழுந்து ஓடி, கொடியைப் பிடித்து இறக்கப் போனேன்.

"கையை எடுங்க மாப்ளே. கொடியைப் புடுங்கிப்போட்டா லைன் சரியாயிருமுங்களா? என்னமோ தடையிருந்துதான காட்டியிருக்கான்."

அவன் தகரமுங்க, நான்தானுங்க வெட்டினேன் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். கை மட்டும் பின்னாலிருந்து வரவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது, அவர் விளையாடவில்லை. சிவப்பைத் தாண்டிப் போன ஒரு வண்டியை அவர் வாழ்நாளில் ஒரு முறை பார்த்திருக்கிறார். என்ன ஆயிற்று என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. அவர் கண் முன்னால் இப்போது ஒரே பெண்ணின் வாழ்க்கை ஐந்தாவது அடியில் நிற்கிறது.

பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் பக்கம் ஒருவர், சகுனம் சரியில்லையென்றால் ஆவணிக்குத் தள்ளலாம் என்றார். ஆவணிக்குள் வேறு ஜாதகம் வந்துவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியானால் தட்டை மாமாவே தூக்கிக் கொடுத்துவிடட்டுமே என்று எங்கள் பக்கம் யாரோ கெஞ்சினார்கள். நின்ற வண்டியிலிருந்து சரக்கை நடுவழியில் இறக்குவதும் முறையில்லை என்றார் கார்டு. மாமாவும் அசையவில்லை. வண்டியில் ஏறிய தட்டு வண்டியிலேயே போகட்டும் என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது.

பதினொன்று ஐம்பத்திரண்டு என்றார் கார்டு.

அப்போது ஜங்ஷன் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் போயிற்று. அந்த வீட்டில் ரயில் போனால் தரை நடுங்கும். என் வண்டியும் நடுங்கியது. நகர்ந்தது. ஒரு கணம் எனக்கு உயிர் வந்தது. பிறகு பார்த்தால், பின்னால் நகர்கிறது. வெற்றிலையும் பாக்கும் மஞ்சளும் மூன்று தேங்காயும் எங்கள் பாயை நோக்கி ஒரு சாண் திரும்பி வந்தன. ஆடு தலையை வெளியே நீட்டியபடி நின்றுவிட்டது. கார்டு அதை வெகுநேரம் பார்த்தார்.

"அந்த ஆட்டுக்கு டிக்கெட்டு இருக்குதுங்களா?"

சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் முகத்தில் சிரிப்புக்கான அடையாளம் எதுவும் இல்லை. ஐம்பத்து நாலு என்றார். ஐம்பத்தைந்து என்றார். எனக்கு வேர்வை காதுவழி இறங்கியது. முகூர்த்தத்துக்குக் காத்திருந்த அத்தனை பேரும் என் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு திறந்தது. பெண் தானாக வெளியே வரும் வழக்கம் எங்கள் பக்கத்தில் அன்று கிடையாது. சரசு வந்தாள். நேராக வண்டியருகில் போய்க் குனிந்து, அச்சைப் பார்த்தாள். அத்தனை பேரில் அடியில் பார்த்தது அவள் ஒருத்திதான். (செய்தவனும் பார்க்கவில்லை.)

"பாரமுங்கப்பா. வேற தடையில்லீங்க" என்றாள். மூன்று தேங்காயையும் எடுத்து மாமாவிடம் நீட்டினாள். "ஏனுங்க மாமா, இதை நீங்க கொண்டாந்து குடுத்தாத்தானுங்க முறை."

மாமா வாங்கிக்கொண்டார். இருபத்து மூன்று வருஷம் அந்த நிமிஷத்தில் தீர்ந்தது. அவர் மூக்கு மட்டும் கொஞ்சம் சிவந்தது.

"சரக்கை எறக்கினது சரி" என்றார் கார்டு. "சிவப்பு இன்னும் நிக்குது. வண்டி போலாம்னு லைன் கிளியர் யாரு குடுக்கறது?"

"இந்த வண்டியில போறவ நானுங்கப்பா. நான் குடுக்கறேன்."

தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை உருவினாள். நல்ல பரமத்தி வேலூர் வெற்றிலை, கை அகலம். தகரக் கார்டின் சிவப்புத் துணிமேல் அதைச் சுற்றி, காம்பைக் கைக்குள் செருகினாள். விரல் நுனியால் வண்டியை லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

தேங்காயின் பாரத்தில் அடங்கிக் கிடந்த சுருள்வில்லுக்கு இப்போது விடுதலை. வண்டி ஓடவில்லை, பாய்ந்தது. செட்டியார் வெறிபிடித்த மாதிரி மென்றார். ஆடு உள்ளே வெளியே, உள்ளே வெளியே. பின்னால் மூன்று தேங்காயோடு மாமா ஓடினார். தண்டவாளம் முடிந்த இடத்தில் வண்டிக்கு நிற்கத் தெரியவில்லை. கார்டின் முழங்காலில் மோதிக் கவிழ்ந்தது. தட்டு எழும்பி அவர் மடியில் போய் உட்கார்ந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

கவிழ்ந்த வண்டிக்குள் ஈயக்குண்டு உருண்டது. தகரக் கார்டின் கை உயர்ந்தது. கையில் பச்சை.

என் மாமனார் முழங்காலைத் தடவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொண்ணு அம்பத்தெட்டு. ரைட்டு."

வண்டி பிறகு துருப்பிடித்துப் போயிற்று. என் மாமனார் கண் மூடும் வரை, நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தால், "வாங்க மாப்ளே" என்பதற்கு முன்னால், ஆடு டிக்கெட் எடுத்துவிட்டதா என்று கேட்பார். அப்போதும் சிரிக்க மாட்டார். இப்போது என் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

தகரக் கார்டை மட்டும் சரசு கழற்றி எடுத்துக்கொண்டாள். எங்கள் சமையலறை அலமாரியில் நிற்கிறான். காலையில் அவன் கையில் வெற்றிலை இருந்தால் நான் பேசலாம், காபி கேட்கலாம், கருத்தும் சொல்லலாம். மிளகாய் வற்றல் இருந்தால் சத்தமில்லாமல் தறிப்பக்கம் போய்விட வேண்டும்.

போன வாரம் என் மகளுக்கு ஒரு நல்ல இடம் அமைந்தது. பையனின் அப்பாவுக்கு ஆகாய விமானத்தில் ஆசை என்று கேள்விப்பட்டு, நிச்சயத்தில் எங்கள் பக்கத்துப் பதில் தட்டை நான் ஒரு விமானத்தில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையிலிருந்து தகரக் கார்டின் கையில் மிளகாய் வற்றல்தான். வெற்றிலை என்றால் ஒரே நாளில் வாடிவிடும். மிளகாய் வற்றல் வாடுகிற வழியாக இல்லை.