சீனாவுக்குக் கிணறு வைத்தவன்

அரியலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் சாமிதுரை அவர்களுக்கு, தங்கள் தங்கை பாக்யலட்சுமியின் கணவன் அன்பழகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கச்சி கலியம்மாளும் கீழப்பழுவூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. பாக்யம் எடுக்கிறாள், ஆனால் பேசுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் ஏன் கோபித்துக்கொண்டு அங்கே வந்தாள் என்று தங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. என் பக்கத்தையும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் சீனா. இப்போதைய சீனா இல்லை, ராஜா காலத்துச் சீனா. மகள் ஜெயசுதா போன தடவை வந்தபோது, “ரிட்டயர் ஆயிட்டு சும்மா அம்மாகிட்ட வம்பு இழுத்துக்கிட்டு இருக்காதப்பா” என்று தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு விளையாட்டு. வெறும் பொட்டலில் நாம் ஒரு ஊரைக் கட்ட வேண்டும். ரோடு போட்டு, வீட்டுக்கு இடம் விட்டு, கிணறு வெட்டி, தினை விதைத்து, பட்டு நெய்ய வேண்டும். முன்னோர்களுக்குப் படையல் வைக்காவிட்டால் அவர்களுக்குக் கோபம் வந்து வெள்ளாமை படுத்துவிடும். சக்கரவர்த்தி திடீரென்று ஆள் அனுப்பி உப்பு கேட்பார், கொடுத்தே ஆக வேண்டும். மச்சான், நான் ஆயுள் முழுக்க ஓவர்சியர் வேலை பார்த்தவன். ஒரு குழாய் பதிக்க எத்தனை ஆபீஸ் படி ஏறியிருக்கிறேன் என்பது தங்களுக்கே தெரியும். இங்கே ஒரு தட்டு தட்டினால் ரோடு வந்துவிடுகிறது. எந்த மனுஷனுக்குத்தான் ஆசை வராது, சொல்லுங்கள். ஊருக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் வாயில் நுழையவில்லை, அதனால் புதுத் திருமானூர் என்று மாற்றிவிட்டேன்.

இதில் சில அசம்பாவிதங்கள் நடந்தது உண்மைதான். மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு அவள் கோயிலுக்குப் போனாள், அந்த நேரம் பார்த்து வடக்கே படை வந்துவிட்டது, குக்கரில் இருந்த பருப்பு அடிபிடித்துக் கருகிவிட்டது. தங்கள் புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு வந்தபோது, “வாசலுக்கு நேரா களஞ்சியத்தக் கட்டினா ஜனங்க குடியிருக்க மாட்டாங்க மச்சான், ஒரு பூந்தோட்டம் வைங்க” என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். அது களஞ்சியம் இல்லை, தாங்கள் ஆசையாகக் கட்டிய கார் ஷெட் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்காகத்தான் தாங்கள் போனை எடுப்பதில்லையோ என்றும் ஒரு சந்தேகம். மன்னித்துவிடுங்கள், ஷெட் நன்றாகத்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டு போர் மோட்டாரில் காயில் எரிந்துவிட்டது. பாக்யம் தெருக்குழாயில் பிடித்து, தாங்கள் சீராகக் கொடுத்த அந்தப் பித்தளைக் குடத்தில் சுமந்து வந்துகொண்டிருந்தாள். தினமும் சொன்னாள். நானும் தினமும், “இரு, இந்தத் தெருவுக்கு ஒரு கிணத்த வெச்சுட்டு வந்துடுறேன்” என்றேன். ஒருநாள் குடத்தை நடுக்கூடத்தில் ணங்கென்று வைத்தாள். “சீனாக்காரனுக்கெல்லாம் தண்ணி வெக்கிறீங்க, எனக்கு இடுப்பு ஒடியுது” என்றாள். அந்த நேரம் சக்கரவர்த்தியின் ஆள் வந்து நிற்கிறான், எனக்கும் எரிச்சல். “இது என் வூடு, என் மோட்டாரு, எப்ப சரி பண்ணணும்னு எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டேன். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை, எல்லா வீட்டிலும் சொல்வதுதான். கொஞ்ச நேரத்தில் ஒரு பையையும் அந்தக் குடத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கோபித்துக்கொண்டு போகிறவள் குடத்தை ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

அன்று சாயங்காலம் புதுத் திருமானூரில் கிழக்குத் தெரு வீடு ஒன்று காலியானது. அந்த விளையாட்டில் தண்ணீர்க்காரி ஒருத்தி உண்டு. தோளில் காவடி மாதிரி கம்பு, இரண்டு பக்கமும் வாளி. அவள் நடந்து போகிற தெருவுக்குத்தான் தண்ணீர். அவள் போகாத வீட்டில் ஜனங்கள் சத்தமே போடாமல் தள்ளுவண்டியில் மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆகா, இதுதானே நம் வீட்டிலும் நடந்தது, தண்ணீர் இல்லை, அவள் போய்விட்டாள் என்று புரிந்துகொண்டேன். மறுநாளே மெக்கானிக் ஜெயப்பிரகாஷைக் கூப்பிட்டு மோட்டாரைச் சரி செய்தாகிவிட்டது. இப்போது டேங்க் நிரம்பி வழிகிறது. குறை தீர்ந்துவிட்டது. ஆகவே தாங்கள் நல்ல வார்த்தை சொல்லி, பாக்யத்தை அனுப்பி வைக்க வேண்டியது. மச்சான், ஓட்டல் இட்லி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதைவிட, அவள் சத்தம் இல்லாத வீடு நன்றாகவே இல்லை. சக்கரவர்த்தி கட்டச் சொன்ன மதில் முடிந்ததும் விளையாட்டையும் விட்டுவிடுகிறேன்.

தாங்களும் குடும்பமும் புது வீட்டில் ஆடு மாடு, வெள்ளாமையோடு நிறைவாக வாழ வேண்டும். கலியம்மாளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
அன்பழகன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் பாக்யமே வந்துவிட்டாள். என்னைப் பார்க்க இல்லை, மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்க. டேங்க் வழிவதைக் காட்டினேன், “ம்” என்றாள். கம்ப்யூட்டரில் ஊர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

“யாரு இவ, ஓயாம நடந்துக்கிட்டே இருக்கா?”

“தண்ணி ஊத்துறவ. வூடு வூடா போவா.”

“இவ வூடு எது?”

தேடினேன் மச்சான். கிழக்குத் தெரு, மேலத் தெரு, பட்டறை எல்லாம் தேடினேன். அவளுக்கு வீடே கிடையாது. கிணற்றிலிருந்து வருகிறாள், கிணற்றுக்கே போய்விடுகிறாள். ஊரையே கட்டிய எனக்கு இது இத்தனை நாள் கண்ணில் படவில்லை. “இவளுக்கு வூடு வெக்கல பாக்யம்” என்றேன்.

“அதான பாத்தேன்” என்றாள். கீழப்பழுவூர் வழியாகப் போகிற திருமானூர் பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

மோட்டார் என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். அவள் தண்ணீருக்காகப் போகவில்லை. என் வூடு என்று நான் சொன்னதற்குத்தான் போயிருக்கிறாள். இந்த வீட்டில் தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றியது அந்தக் குடம் ஒன்றுதான் போலிருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

அவளை அனுப்ப வேண்டாம். நாளைக் காலை நானே வருகிறேன். கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிடுவேன், ஆனால் அவள் முகத்துக்கு நேராக எனக்கு வாய் வராது. ஆகையால் தபால்காரர் வருகிறவரை தங்கள் கார் ஷெட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். கடிதம் வந்ததும் இந்தப் பின்குறிப்பை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். குடத்தை நான் தூக்கி வருகிறேன், அவள் என் கையில் கொடுத்தால்.