வாய் திறக்க உத்தரவு

ரயில்வே ஆபீசில் பெரிய கிராணியின், அதாவது தலைமைக் குமாஸ்தாவின், நாற்காலி காலியாகி நாற்பது நாள் ஆயிற்று. அறுபது கிராணிகளை அடக்கி ஆளவேண்டிய நாற்காலி அது. நாலு வயதுப் பிள்ளையைச் சாப்பாட்டு மேசையில் அடக்கத் தெரியாதவன் அறுபது பேரை எப்படி அடக்குவான் என்று சூப்பிரண்டு துரை யோசித்தார். எனவே பதவி கோருகிறவர் கோலாலம்பூரின் பெரிய வெள்ளைக்கார ஓட்டலுக்கு, ஞாயிற்றுக்கிழமை பகல் விருந்துக்கு, குடும்ப சமேதராக வந்து தகுதியை நிரூபிக்க வேண்டியது என்று சர்க்குலர் பிறந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் கிராணி வேலாயுதம் அதை வாசித்துக் காட்டியதும் மனைவி சீதாலெட்சுமி நாலு வயது மகன் பாலனை நினைத்துக் கவலைப்பட்டாள்.

"நிலாவக் காட்டாம பாலன் ஒரு வாய் வாங்க மாட்டானேங்க. பகல்ல நிலாவுக்கு எங்க போறது?"

"இனிமே அவன் நிலாவப் பாக்க வேணாம். என்னையப் பாத்தா போதும்."

மறுநாளே அடுப்படிக் கதவில் வீட்டுச் சர்க்குலர் ஒட்டப்பட்டது. மேசையில் சத்தம் கூடாது. பசி வெளியே தெரியக் கூடாது. தகப்பனார் 'உத்தரவு' என்று சொல்லும்வரை வாய் திறக்கக் கூடாது. ரசம் சூப் ஆயிற்று. தோசை முள்கரண்டியில் குத்துப்பட்டது. அழுதுகொண்டிருந்த பாலன் மூன்றே வாரத்தில் மேசைக்கால் மாதிரி ஆகிவிட்டான். வேலாயுதத்துக்குப் பெருமை தாங்கவில்லை. சீதாலெட்சுமி மட்டும் பிள்ளை மறுபடி ஒரு தடவை அழமாட்டானா என்று பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் சூப் வந்தது. துரை பேசிக்கொண்டிருந்தார். துரை பேசும்போது வேறொருவர் உத்தரவு போடுவது மரியாதை அல்லவே. சூப் ஆறித் திரும்பிப் போயிற்று. மீனும் வந்த வழியே போயிற்று. பாலன் எச்சிலை விழுங்கினான், சத்தமில்லாமல்.

"நல்ல பையன் வேலாயுதம்! அசையவே இல்லே!" என்றார் துரை, ரப்பர்த் தோட்டத்தில் பழகிய தமிழில்.

"டிப்பார்ட்மெண்டுப் பிள்ளைங்க, துரை."

அந்த நேரம் பார்த்துத் துரையின் ஐந்து வயது மகள் கரண்டியை வீசினாள். அது பூச்சாடியில் விழுந்தது. பிறகு அவள் வீறிட்ட வீறலில் சீன பட்லர் தட்டோடு நின்றுவிட்டான். துரைசானியின் முகம் தக்காளி ஆயிற்று.

சீதாலெட்சுமிக்குக் கை பொறுக்கவில்லை. கோழிக்கறியும் சோறும் வந்ததும் கையால் பிசைந்து உருட்டினாள். "அதோ பாரு கண்ணு, ஃபேன்ல காக்கா சுத்துது. ஆ..."

வெள்ளைக்காரக் குழந்தை அண்ணாந்து வாயைத் திறந்தது. ஒன்பது உருண்டை. கூடமே முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது. நாற்காலி நடந்து வாசலுக்கு வெளியே போவதை வேலாயுதம் கண்ணால் கண்டார்.

ஆனால் மறுநாள் உத்தரவு வந்தது: வேலாயுதம் பெரிய கிராணி. நிபந்தனை ஒன்றுதான்: ஞாயிறுதோறும் அவர் சம்சாரம் ஓட்டலுக்கு வரவேண்டியது.

ஒரே மாதத்தில் துரைசானிகளிடையே பிள்ளைக்குக் கையால் ஊட்டுவது நாகரிகம் ஆயிற்று. பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலோ முள்கரண்டி கிடைக்கவில்லை. கிராணி வீடுகள் அத்தனையும் வாங்கித் தீர்த்திருந்தன.

அப்படி ஒரு ஞாயிறு ஓட்டலிலிருந்து திரும்பியதும் சீதாலெட்சுமி தயிர்ச்சோற்றைப் பிசைந்து பாலனின் வாயருகே கொண்டுபோனாள்.

"ஆ காட்டுய்யா."

பாலன் வாயைத் திறக்கவில்லை. அம்மாவைத் தாண்டி அப்பாவைப் பார்த்தான்.

"சொல்லுங்களேன்! பிள்ளை பசியா இருக்கான்."

பெரிய கிராணி புது நாற்காலியின் பொறுப்பை எண்ணிப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குத் துரையைக் கேட்டுட்டுச் சொல்றேன்."