வெல்டிங் நைனா போட்ட பஸ் ஸ்டாப்

அரசாங்கத்தில் ஒரு நாள்கூட வேலை பார்க்காமல், அரசாங்கத்தையே ராஜினாமா செய்த ஒரே மனிதர் எங்கள் திருவொற்றியூரில்தான் இருக்கிறார். கடிதமாகக் கொடுத்தால் அதுவும் ஒரு மனு ஆகிவிடும் என்று ராஜினாமாவை வாயாலேயே சொல்லிவிட்டார். பட்டறை வைத்திருப்பதால் ஊருக்கு அவர் வெல்டிங் நைனா. எங்கள் முனையில் பொறி பறந்தால் ஒன்று நைனா இரும்பை ஒட்டுகிறார், இல்லை அரசாங்கத்தைப் பற்றிப் பேசுகிறார்.

அவர் கட்சி எளிமையானது. ஊரை ஊரே பார்த்துக்கொள்ளும். நடுவில் மேப்பும் ஸ்கேலுமாக ஒருத்தன் வேண்டாம். அத்தாட்சி கேட்டால், பட்டறைக்கு எதிரே தண்ணீர் லாரிக்காக வரிசையில் நிற்கும் குடங்களைக் காட்டுவார். பச்சை, ஆரஞ்சு, நீலம். பக்கத்தில் ஆள் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

"ஒரு குடம் இன்னொரு குடத்தத் தாண்டிப் போவுதா பாரு. எந்த ஆபீசர் வந்து சட்டம் போட்டான்?"

"லாரி யாருது?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி மேரி அக்கா கேட்பார். அன்றைய பொதுக்கூட்டம் அதோடு கலையும்.

ஒருமுறை நைனா தம்ளரை வாயில் வைத்த நேரம் பார்த்து, டீயில் இருப்பது ரேஷன் சர்க்கரை என்று அக்கா சொல்லிவிட்டார். கீழே வைத்தவர்தான். அன்றிலிருந்து சர்க்கரை இல்லாத டீ. சுகர் வந்துவிட்டது என்று நினைத்து, தெரு அவருக்கு நாவல்கொட்டைப் பொடி கொண்டுவந்து கொடுத்தது. கொள்கை என்று எத்தனை பேரிடம் விளக்குவார்? பேசாமல் வாங்கித் தின்றார்.

இந்த மனிதருக்குத்தான் ஒரு பஸ் ஸ்டாப் வந்து வாய்த்தது. அரசு வைத்த ஸ்டாப் ஒரு குடோன் மதிலோரம், காக்கை மட்டும் காத்திருக்கும் இடத்தில் இருந்தது. ஜனங்கள் நின்றதோ நாலு தெரு கூடுகிற பட்டறை முனையில். டிரைவர்களும் ஜனங்கள் கட்சி, அங்கேதான் நிறுத்துவார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மலைத்தொடர் நகர்வதுபோல ஊர்ந்துகொண்டிருக்க, உப்பும் கரித்தூளும் முகத்தில் அப்ப, வெயிலில் நிற்போம். வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைக்குக் கணக்கெழுதப் போகும் நானும் நிற்பேன். ஒரு நாள் மீன்கூடையோடு நின்ற பெண் சுருண்டு விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். நைனா பட்டறைக்குள் போனார். மறுநாள் பூராவும் உள்ளே நீல ஒளி துடித்தது. மூன்றாம் நாள் முனையில் ஒரு நிழல் முளைத்திருந்தது. பழைய கன்டெய்னர் தகட்டில் கூரை, நீளப் பெஞ்சு, கூடை இறக்கி வைக்கத் தனியாக ஒரு மேடை. ஊரில் அதைவிடக் குளிர்ந்த இடம் கடல் மட்டும்தான்.

இரண்டு வாரம் போனதும் கூரைக் காலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அனுமதி இல்லாத கட்டுமானம். ஏழு நாளில் மனு கொடுக்காவிட்டால் இடிக்கப்படும்.

"ஒரு மனு எழுதிக் குடுத்துடு நைனா" என்றேன்.

"நெழலுக்கு இன்னாத்துக்கு மனு? மரம் எவன்கிட்ட எழுதிக் குடுத்துட்டு நின்னுகினு கீது?"

அவர் அசையவில்லை. ஐந்து நாள் ஓடியது. மீன்காரப் பெண்கள் என்னையே பார்த்தார்கள். முனையில் நாலு வரி எழுதத் தெரிந்தவன் நான்தான். ஆறாம் நாள், 'பொதுமக்களாகிய நாங்கள் மிகத் தாழ்மையுடன்' என்று தொடங்கி நானே எழுதினேன். முதல் கையெழுத்து மேரி அக்காவுடையது. அன்றே ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

ஏழாம் நாள் ஜேசிபியோடு ஒரு இன்ஜினியர் வந்தார். வெயில் கொளுத்தியது. இடிப்பதற்குமுன் பார்வையிட வேண்டுமல்லவா, பெஞ்சில் உட்கார்ந்தார். கழுத்தைத் துடைத்தார். ஃபைலிலிருந்த மனுவைப் படித்தார். அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு ஜேசிபி டிரைவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

தெரு விசிலடித்தது. மனு விஷயம் தெரியாத நைனா, நிழல் ஜெயித்துவிட்டது என்று எல்லாருக்கும் டீ சொன்னார், சர்க்கரை போட்டு.

அடுத்த வாரம் கூரையில் நீலப் பலகை ஏறியது. 'அரசு பேருந்து நிழற்குடை', கீழே ஒரு நம்பர். நைனா அண்ணாந்து பார்த்தார். அதன்பின் அந்த நிழலை அவர் மிதிக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை. கூரைக்கடியில் நாங்கள் கூடையும் பையுமாக நெருக்கியடித்து நிற்கிறோம். வெளியே நைனா, முகத்துக்குப் பிடிக்கும் வெல்டிங் ஷீல்டுக்குக் கண்ணாடி மாற்ற ஷேர் ஆட்டோவுக்காகத் தெப்பமாக நனைந்துகொண்டு நிற்கிறார். அரசு பஸ்ஸில் ஏறமாட்டாரே. உள்ளே வரச் சொல்லி எல்லாரும் கெஞ்சினோம். கெவுருமெண்டு எடம் என்று தலையாட்டிவிட்டார்.

நான் இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"மனு எழுதுனது நீதான?"

"ஆமா நைனா."

"தாழ்மையுடன்னு வேற போட்டியாமே."

மழை தகட்டின்மேல் என்னென்னவோ பேசியது.

"உள்ள போ. ஜொரம் வந்துடும்."

நான் போகவில்லை. கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு கையிலிருந்த கறுப்பு ஷீல்டைத் தூக்கி என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டார். இரண்டு ஷேர் ஆட்டோ வந்து போயிற்று. என் பஸ் வரும்வரை அவர் கையை இறக்கவில்லை. அந்தக் கூரைக்கு மட்டும் இன்றுவரை யாராலும் நம்பர் போட முடியவில்லை.