கொம்பனி சேரும் உரும்பிராய்க் கிணறும்

மின்சாரமே இல்லாத ஊரில் இருந்துகொண்டு மென்பொருள் விற்கக் கற்றுக்கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் விரிவுரையாளர், கொம்பனி சேர். இதை மறுக்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், நான் தயார்.

யுத்தத்தால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தில் நாலு கொம்பியூட்டர் இருந்தன, ஓடியது ஒன்று. அதுவும் ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் கிடைத்தால், சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம். மற்ற நாட்களில் புரோகிராமைக் கொப்பியில் பென்சிலால் எழுதி மனதுக்குள் ஓடவிட்டுப் பார்ப்போம். இந்த இலட்சணத்தில்தான் அவர் இறுதி வருட வகுப்பை மூன்று மூன்று பேராகப் பிரித்து, "இண்டையிலை இருந்து நீங்கள் மாணவர் இல்லை, கொம்பனியள்" என்று அறிவித்தார். பெயர் அன்றைக்கே அவரோடு ஒட்டிக்கொண்டது.

ஒவ்வொரு கொம்பனியும் ஊருக்குள் போய் ஓர் உண்மையான வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டும். அவருக்கு உதவுகிற ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும். கடைசியில் சேர் நேரில் போய்க் கேட்பார். "ஓம், பாவிக்கிறன்" என்று வாடிக்கையாளர் சொன்னால் பாஸ். இல்லாவிட்டால் இன்னொரு வருடம். நாலு வருடப் படிப்பு ஏற்கெனவே ஆறு வருடமாக இழுபட்டுக் கிடந்தது.

எதைக் கண்டாலும் சேருக்கு ஒரே கேள்வி: "உது ஆருக்கு வேணும்?" ஒருநாள் கன்ரீனில் உழுந்து வடையைத் தூக்கிப் பிடித்து, "உந்த ஓட்டை ஆர் கேட்டது?" என்றார். ரோசக்காரரான கன்ரீன்காரர் மறுநாள் ஓட்டையில்லாமல் சுட்டார். நடு வேகவேயில்லை. வெந்த விளிம்பைச் சுற்றிக் கடித்து முடித்துவிட்டு சேர் சொன்னார்: "இப்ப விளங்குது. ஓட்டை வடைக்குத்தான் வேணும்."

ஆமி ஹெலிச் சத்தம் கேட்டு வகுப்போடு பங்கர் குழிக்குள் குதித்தாலும் பாடம் நிற்காது. அவர் ஆறடிக்கு மேல். கூரை இடித்துத் தலையில் மண் கொட்டக் கொட்ட, "பாருங்கோ பிள்ளையள், வெட்டினவன் வாடிக்கையாளரைக் கேளாமல் வெட்டியிருக்கிறான்" என்பார். பயத்தை மறந்து நாங்கள் சிரிப்போம்.

எங்கள் கொம்பனியில் மூளை உடுவில்காரி செல்வி. சாவகச்சேரியிலிருந்து சைக்கிள் மிதித்து வரும் யோகன் கால். வாய் மட்டும் நான். அந்த வாயால் உரும்பிராயில் கந்தையா அண்ணையைப் பிடித்தேன். வெங்காயத் தோட்டக்காரர். அவருக்கும் சொந்தக்காரர் ஐந்து பேருக்கும் ஒரு பங்குக் கிணறு, தண்ணீர் இறைக்க ஒரே மெசின். யார் எந்த நாளில் இறைப்பது என்று முறை போட்டுக் கொடுக்கிறோம் என்றேன்.

"போடுங்கோவன்" என்றார்.

செல்வி காணி உறுதிப் பத்திரத்தை வாங்கிப் படித்தாள். கால், அரைக்கால், அதில் பாதி என்று தாத்தா காலத்துப் பங்குகள் எல்லாம் அதில் இருந்தன. சனிக்கிழமை வந்தது, ஜெனரேட்டரும் ஓடியது. ஓரமெல்லாம் துளை போட்ட கடதாசியில் ஒரு மாத முறையை அச்சடித்து எடுத்தோம். கணக்கில் ஒரு துளி பிழை இல்லை. பெருமை தாங்காமல் அதைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் ஒட்டினோம்.

மூன்றாம் நாள் கிணற்றடியில் கைகலப்பு.

உறுதிப்படி கிணற்றில் பெரிய பங்கு இந்த ஆறு பேருக்கும் இல்லை, லண்டனில் இருக்கிற கந்தையா அண்ணையின் மச்சானுக்கு. எட்டு நாளில் மூன்று நாளை எங்கள் கடதாசி அவருக்கு ஒதுக்கிவிட்டது. இருபது வருடமாக யாரும் நினைத்தே பார்க்காத பங்கு! "அவன் தன்ரை முறையை எனக்குத்தான் விட்டவன்" என்று ஒருவர். "எங்கை, கடிதத்தைக் காட்டு" என்று இன்னொருவர். கந்தையா அண்ணை எங்களை வேலிப் படலையிலேயே மறித்தார்.

"தம்பியவை, நாங்கள் ஒற்றுமையா இருந்தனாங்கள். தயவுசெய்து உந்தக் கடதாசியைக் கொண்டு போங்கோ."

தோல்வியை எப்படிச் சொல்வது என்று வழிநெடுகப் பேசிக்கொண்டு சேரிடம் போனோம். கேட்டவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அருமை! உறுதியைக் கேட்டனீங்கள், ஆக்களைக் கேட்டனீங்களோ? ஒரு கிழமை, ஏழு நாளும் கிணத்தடியிலை போய் இருங்கோ. கொப்பி கொண்டு போகக் கூடாது."

இருந்தோம். முதல் நாள் ஒருவரும் எங்களோடு கதைக்கவில்லை. இரண்டாம் நாள் கந்தையா அண்ணையின் மனைவி மணியக்கா இரங்கித் தேத்தண்ணி தந்தா. அதன்பிறகு பார்த்ததுதான் புதினம். உறுதியை அங்கே யாரும் கணக்கெடுப்பதே இல்லை. யாருடைய வெங்காயம் வாடுகிறதோ அவருக்கு முதல் தண்ணீர், அவ்வளவுதான். அவர்களுடைய கஷ்டம் வேறு. மெசின் சும்மா இருக்கிறதா என்று பார்க்க, விடிய வெள்ளன ஆறு பேரும் வந்து வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள்.

மணியக்காதான் சொன்னா: "முதல்நாளே ஆர் இறைக்கிறது எண்டு தெரிஞ்சால் காணும். அதுக்கு ஒரு சோக்கட்டி போதும், பிள்ளை."

மெசின் கொட்டில் கதவில் கரி பூசினோம். தேவைப்படுகிறவர் முதல்நாள் பின்னேரம் பெயரைச் சோக்கால் எழுத வேண்டும், இறைத்து முடித்ததும் அழிக்க வேண்டும். இரண்டு கிழமை கழித்து சேர் வந்தார். கந்தையா அண்ணை அவரைப் பார்க்கக்கூட இல்லை. தன் பெயரை எழுதிவிட்டுத்தான் திரும்பினார்.

"பாவிக்கிறியளோ?" என்றார் சேர்.

"பின்னை? ஓம், ஒவ்வொரு நாளும்."

பாஸுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய துறைத்தலைவர் அவ்வளவு இலகுவில் விடுகிற ஆள் இல்லை. நாங்கள் மூவரும் அவர் அறையில் சுவரோரமாய் நின்றோம்.

"இதிலை கொம்பியூட்டர் எங்கை?"

"கரண்ட் எங்கை சேர்?" என்றார் கொம்பனி சேர்.

"பகிடி விடாதையும். கொம்பியூட்டர் இல்லாத வேலைக்குப் பாஸ் போட ஏலாது."

கொம்பனி சேரின் முகத்திலிருந்து சிரிப்புப் போய்விட்டது. அப்படி அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கிணத்தடிக்கு அனுப்பினது நான். இவையள் போய்க் கேட்டுக்கொண்டு வந்திருக்கினம். அது பிழை எண்டால் என்னையும் பெயில் எண்டு போடுங்கோ. அடுத்த வருசம் நாலு பேருமா வகுப்பு வாங்கிலை இருந்து திரும்பப் படிக்கிறம்."

துறைத்தலைவர் அந்த ஆறடி உருவத்தை மேலும் கீழும் பார்த்தார். அதை ஒரு வருடம் முழுக்க முன்வரிசை வாங்கில் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதைக் கற்பனை பண்ணியிருக்க வேண்டும். பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் எனக்குக் கொம்பனி சேரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. வெட்கமாய் இருந்தது. ஓடிப்போய்ப் பம்மை எடுத்து, அவர் சைக்கிளின் இரண்டு சில்லுக்கும் காற்றடித்துக் கொடுத்தேன். இரண்டிலும் காற்று நிறையத்தான் இருந்தது. அவருக்கும் அது தெரியும். நான் அடித்து முடிக்கும்வரை, "உது ஆருக்கு வேணும்?" என்று கேளாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.