அமாரோவின் பல்வலி

நீந்தத் தெரிந்த மீனவர்கள் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டதும், மதுக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் தத்தம் கையிலிருந்த சீட்டைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

கேட்டவள் பெயர் கண்டேலா. மாட்ரிட்டிலிருந்து வந்திருந்த சினிமாக் கம்பெனிக்காரி. ஹெலிகாப்டரிலிருந்து கடலில் குதித்து, மூழ்குகிறவர்களைத் தூக்கிவரும் மீட்புப் படை நீச்சல்காரர்களைப் பற்றிய அதிரடிப் படம். கப்பல் உடைகிற காட்சிக்கு, ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலிருக்கும் கலீசியாவின் இந்தக் கரையைவிடத் தோதான இடம் கிடையாது. இங்கே கப்பல் உடைவதற்கு சினிமா வர வேண்டும் என்றுகூட இல்லை.

கடையிலிருந்தவர்கள் எல்லோரும் மீசை முளைத்த நாளிலிருந்து படகில் போகிறவர்கள். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மீனவன் கடலுக்கு மேலே இருப்பவன், கடலுக்குள்ளே இறங்குகிறவன் சுற்றுலாப் பயணி என்பது அவர்கள் கட்சி. ஆனால் மாட்ரிட்காரி ஒருத்தி எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டு, பதிலுக்காகப் புன்னகையோடு நின்றால் என்ன செய்வது?

"நான் வரேன்" என்றான் சூசோ. எதிரில் சீட்டாடிக்கொண்டிருந்த அமாரோவைவிடப் பெரிய படகு, பெரிய மீசை, பெரிய வாய்.

"நானும்தான்" என்று இன்னொரு குரல் கேட்டது. அது தன்னுடைய குரல்தான் என்பது அமாரோவுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது.

கல்லாப் பக்கம் காபி குடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி தொசிந்தா, கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நீயா? உனக்கு நீச்சல் தெரியுமா, மனுஷா?"

"தெரியாம?"

"எப்போ கத்துக்கிட்ட?"

"கடற்படையில. கட்டாய சேவைக்குப் போனப்போ."

"அங்க நீ சமையல்கட்டுலல்ல இருந்த?"

"கப்பல்ல இருக்கிற சமையல்கட்டு."

"வருஷா வருஷம் நீச்சல் கத்துக்கோ, கத்துக்கோன்னு உன் கால்ல விழாத குறையா கெஞ்சினேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"தெரிஞ்சவன் எதுக்குடி கத்துக்கணும்?"

கடை முழுக்கச் சிரித்தது. தொசிந்தா சிரிக்கவில்லை. அவள் தம்பி தெல்மீரோ துறைமுக வாய்க்கு அருகிலேயே படகிலிருந்து தவறி விழுந்தவன். கடலுக்கு அன்று கோபம்கூட இல்லை. காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். அடுத்த படகு போய்ச் சேர்வதற்குள் அங்கே தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு குளிர்காலமும் அவள் கெஞ்சுவாள். அவர், "நீந்தத் தெரிஞ்சா ரொம்ப நேரம் கஷ்டப்படணும்" என்று ஏதோ பெரிய தத்துவம் போலச் சொல்லிவிட்டுப் படகேறுவார்.

"ஷூட்டிங் எப்போ?" என்று கேட்டாள் தொசிந்தா.

"செப்டம்பரில்" என்றாள் கண்டேலா.

"அப்போ நாள் இருக்கு."

எதற்கு நாள் இருக்கிறது என்று அமாரோ அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கிற ஆளாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

அன்றிரவு படுக்கையில் புரண்டு புரண்டு ஒரு திட்டம் போட்டார். பக்கத்து நகரத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. அங்கே தெரிந்த முகம் கிடையாது. வீட்டில் என்ன சொல்வது? பல் டாக்டர். வாராவாரம் செவ்வாயும் வியாழனுமாக மாதக்கணக்கில் நீள்கிற வைத்தியம் பல்லைத் தவிர வேறெதற்கு இருக்கிறது?

குளத்தில் இடம் இருந்தது ஒரே வகுப்பில்தான். பணி ஓய்வு பெற்ற பெண்மணிகள் வகுப்பில். ரப்பர் தொப்பி கட்டாயம். தொப்பியைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். அவித்த முட்டைக்கு உறை போட்டது போலிருந்தது.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள் ஆசிரியை இரியா. அவர் மகள் வயது இருக்கும்.

"லாரி ஓட்டுறேன்" என்றார், உப்புக்காற்றில் வாடி வதங்கிய அந்த முகத்தை வைத்துக்கொண்டு.

எழுபது தாண்டிய எர்மிதாஸ் என்ற பெண்மணி, அவர் கையில் பச்சை குத்தியிருந்ததை எட்டிப் பார்த்தார். "இரியா, இந்த ஆளு எப்படிம்மா மிதப்பாரு? கையோட நங்கூரத்தைக் கொண்டு வந்திருக்காரே!"

தண்ணீரே குலுங்குகிற மாதிரி சிரித்தார்கள். அமாரோ முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி விட்டார். அன்றைய பாடம் அதுதான். முகத்தை மறைக்கவும் வசதியாக இருந்தது.

வீட்டில் வேறு கஷ்டம்.

"வலிக்குதா?" என்பாள் தொசிந்தா.

"லேசா."

"அப்போ கடிச்சுத் திங்கக் கூடாது." உருளைக்கிழங்கையும் கீரையையும் கூழாக மசித்து அவர் முன்னால் வைப்பாள். தனக்கு ஆக்டோபஸை வேகவைத்து, மிளகாய்த்தூள் தூவி, ஆலிவ் எண்ணெய் சொட்டச் சொட்ட அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுவாள்.

"கண்ணெல்லாம் செவந்து கெடக்கே?"

"பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பாம்."

"உடம்பெல்லாம் குளோரின் நாத்தம்."

"சுத்தமான டாக்டர்."

"தலை ஈரமா இருக்கே, மனுஷா?"

"வாய் கொப்பளிக்கச் சொன்னாரு."

"தலை வரைக்குமா?" என்று கேட்டுவிட்டு, அவள் இன்னொரு துண்டு ஆக்டோபஸை வாயில் போட்டுக்கொண்டாள்.

கோடை முழுவதும் கூழ்தான். பலகையைப் பிடித்துக்கொண்டு உதைத்தார். மூக்கில் தண்ணீர் ஏறித் தும்மினார். எர்மிதாஸ் அவரை இரண்டு தடவை முந்திப் போனார். இரண்டு தடவையும் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்.

ஒரு வியாழக்கிழமை இரியா அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்குக் கீழிருந்து கையை எடுத்துவிட்டாள். எடுத்ததை அவள் சொல்லவில்லை. காது தண்ணீருக்குள் இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. கூரை மட்டும் தெரிந்தது. உடம்பு பாட்டுக்கு மிதந்து கிடந்தது.

இவ்வளவுதானா என்று நினைத்தார். தெல்மீரோவுக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். அடுத்த படகு வரும்வரை சும்மா இப்படிக் கிடப்பது. இதைத்தான் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். இதற்குத்தான் அவர் தத்துவம் பேசிக்கொண்டே இருந்தார். ரப்பர் தொப்பி தராத வெட்கம் அப்போது வந்தது. கண்ணில் தண்ணீர், நல்லவேளை, குளத்தில் யாரும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

செப்டம்பர் வந்தது. அமாரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படகுத்துறைக்குப் போனார். சூசோ ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

"என்ன சூசோ, கண்ணுல?"

"வெங்காயம்."

அவனிடமிருந்து வெங்காய வாசனை வரவில்லை. குளோரின் வாசனை வந்தது. இரண்டு பேரும் வெவ்வேறு திசையில் கடலைப் பார்த்தார்கள்.

கண்டேலா ஓடிவந்தாள். "வந்துட்டீங்களா! ரெண்டு பேரும் அந்த மணல்ல போய்ப் படுங்க."

"படுக்கிறதா? நாங்க நீந்த வந்திருக்கோம்" என்றார் அமாரோ.

"நீந்துறவங்க எல்லாம் நிஜ மீட்புப் படைக்காரங்க. அதோ ஹெலிகாப்டர்ல இருக்காங்க. எங்களுக்குக் கரை ஒதுங்கின பொணம்தான் வேணும்."

"மதுக்கடையில நீதானேம்மா கேட்ட, நீந்தத் தெரிஞ்ச மீனவர்கள் வேணும்னு?"

கண்டேலாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "அதுவா... நான் உங்க மனைவியோட அக்கா வீட்டு மாடியிலதான் தங்கியிருக்கேன். உங்க மனைவியும் சூசோ மனைவியும் அங்க வந்து, ஒரே ஒரு தடவை கடையில சத்தமா அப்படிக் கேட்டுடுன்னாங்க. எதுக்குன்னு கேட்டேன். 'பதில் நாங்க பாத்துக்கிறோம்'னாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

சூசோவின் மீசை தொங்கிவிட்டது. இருவரும் ஈரமணலில் போய்ப் படுத்தார்கள். மூச்சு விடக் கூடாது, கண் சிமிட்டக் கூடாது என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஹெலிகாப்டரிலிருந்து யார் யாரோ வீரமாகக் குதித்தார்கள். அலை வந்து அமாரோவின் காதுக்குள் புகுந்தது. ஒரு கோடைகாலத்தையே செலவழித்துக் கற்ற வித்தையில் ஒன்றையும் காட்ட முடியாமல் கிடந்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. தொசிந்தா மட்டும் வரவில்லை.

வீட்டுக்குப் போனதும் பாய்ந்தார். "என்னை ஏமாத்திட்ட!"

"ஆமா."

"ஊர் முன்னால மானம் போச்சு!"

"ஆமா. நீந்த வருதா, வரலையா?"

"...வருது."

"கை கழுவிட்டு வா. சாப்பிடலாம்."

குளிர்காலத்தில் படம் வந்தது. ஊர் மன்றத்தில் திரை கட்டினார்கள். மீட்புப் படைக்காரர்கள் குதித்தார்கள், கத்தினார்கள், முத்தம் வாங்கினார்கள். கடைசியில் கரை வந்தது. மணலில் வாய் பிளந்து, கண் வெறித்து, தலைமுடியில் பாசியோடு அமாரோ கிடந்தார். "நம்ம அமாரோ!" என்று கூட்டம் விசிலடித்தது.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை குளிர்காலமும் விளக்கை அணைத்ததும் தொசிந்தா பார்த்துக்கொண்டிருந்த படம் இதுதான் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இருட்டில் அவள் கை வந்து அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தது.

"நல்லா நடிச்சிருக்க, மனுஷா" என்றாள் காதோரமாக. "நீச்சல் தெரியாதவன் மாதிரியே இருக்க."