பூஜ்யம் சதுர மீட்டர்

கொல்லைப்புறத்தை இரண்டாகப் பிரித்துவிடுவது என்று கணக்குப்புலி அன்று காலை முடிவெடுத்தார். கணக்குப்புலி என்பது அவருக்கு அவரே கொடுத்துக்கொண்ட பட்டம். பிரிவினைக்குக் காரணம் குப்பை. கொல்லையில் ஒரே ஒரு மரம்தான். அது உதிர்க்கிற சருகை யார் பெருக்குவது என்று அவருக்கும் மனைவிக்கும் தினமும் சண்டை.

"மரத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு, இந்தப் பக்கம் உனக்கு. போன்ல அளந்துடறேன். என் பங்கு எத்தனை சதுர மீட்டர்னு வருதோ அவ்வளவுதான் நான் பெருக்குவேன்."

"போன் சரியா சொல்லுமா?"

"வானத்துல சுத்தற செயற்கைக்கோளே சொல்லுது. அதுக்கு மேல அப்பீல் ஏது?"

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது" என்றாள் மனைவி, ஈரப் போர்வையை உதறிக் கொடியில் போட்டபடி.

வேலை சுலபம்தான். மூலைக்கு மூலை போய் நின்று பொத்தானை அமுக்கினால், போன் அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொள்ளும். நாலு மூலையும் முடிந்ததும் பரப்பளவைச் சொல்லிவிடும். முதல் மூலை ஆயிற்று. இரண்டாவதுக்குப் போகிற வழியில் போர்வைகள் சொட்டிக்கொண்டிருந்தன. எதற்கு நனைவானேன் என்று குறுக்கே எதிர் மூலைக்குப் போனார். அங்கிருந்து இரண்டாவது மூலைக்கு வந்து, மறுபடி குறுக்கே நடந்து நாலாவதைப் பிடித்தார்.

பரப்பளவு: 0.

போனைத் தட்டினார், உதறினார். அதே 0. காலுக்குக் கீழே சருகு இருக்கிறது, சருகுக்குக் கீழே மண் இருக்கிறது, இடம் மட்டும் இல்லையாம்.

வேலிக்கு அப்பால் பல் துலக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் நிலம் அளக்கிற வேலையில் இருப்பவர். அவரிடம் காட்டினார்.

"குறுக்க நடந்திருக்கீங்க சார். கோடு வெட்டிக்கிட்டு ரெண்டு முக்கோணமா ஆயிடுச்சு. ஒண்ணை வலமா சுத்தியிருக்கீங்க, இன்னொண்ணை இடமா. அது கூட்டல், இது கழித்தல். ரெண்டும் அடிச்சுக்கிச்சு."

"எங்க வீட்ல அடிச்சுக்கறது நாங்க ரெண்டு பேருதானே?"

"ஓரமாவே வரிசையா சுத்தி வாங்க, சரியா வரும்."

கணக்குப்புலிக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் லாபம் எங்கே என்பது மட்டும் பளிச்சென்று புரிந்தது. மனைவியிடம் போனை நீட்டினார்.

"என் பங்கு பூஜ்யம். பூஜ்யத்தை எவ்வளவு பெருக்கினாலும் பூஜ்யம்தானே?"

"சரிங்க" என்றாள்.

முறைப்பு இல்லை, முணுமுணுப்பு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் பேச்சிலேயே அவள் சரி என்று சொன்னதில்லை. ஏன் சொன்னாள்? ஆபீஸில் நாள் முழுக்க அதே குழப்பம்.

சாயங்காலம் வந்தால் மரத்தடியில் அவருடைய சாய்வு நாற்காலியைக் காணோம். மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதெல்லாம் அதில் சாய்ந்தால்தான் அவருக்குச் செரிக்கும். பதறிப்போய்த் தேடினார். அது கேட்டுக்கு வெளியே தெருவில் கிடந்தது.

"என்ன அநியாயம் இது!"

"கொல்லையில உங்களுக்கு இடம் எவ்வளவு? பூஜ்யம். நாற்காலியை எதுல போடறது? மரமும் நிழலும் இப்ப என் பக்கம்."

"அது... போன் ஏதோ தப்பா..."

"அதுக்கு மேல அப்பீல் இல்லைன்னீங்களே?"

தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவருக்கு மானம் போயிற்று. "சரி, மறுபடி அளக்கறேன். என் பாதியையாவது குடு."

"பாதி என்னங்க, முழுசாவே எடுத்துக்குங்க. காலைல பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது போர்வைக்குப் பின்னால இருந்த என் காதுலயும் விழுந்துச்சு. ஓரமாவே, ஒரு மூலை விடாம சுத்தி வரணும்."

"அவ்வளவுதானே?" என்று அவர் போனை எடுத்தார். அவள் அதை வாங்கி வைத்துக்கொண்டு அவர் கையில் விளக்குமாற்றைக் கொடுத்தாள்.

"நீங்க சுத்துங்க. சரியா வருதான்னு நான் நாற்காலில உக்காந்து பாத்துக்கறேன்."