நைட்ரேட் தின்னும் குழி

“ஏட்டி மிஸ்ரியா, இன்னைக்காவது அதுக சாப்புட்டுச்சா?”

ஞானதுரை அண்ணாச்சியின் வாழைத்தோட்டத்தில் வேலை பார்க்கும் முப்பிடாதியம்மாள் முதன்முதலில் இப்படிக் கேட்டபோது மிஸ்ரியாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

‘அதுக’ என்பது வடகரை வாய்க்கால் ஓரத்துக் குழியில் இருந்த நுண்ணுயிர்கள். வயலுக்குப் போடும் உரத்தில் மிஞ்சுகிற நைட்ரேட், வடிநீரோடு குளத்துக்குப் போகிறது. நடுவில் குழி வெட்டி, மரச்சீவலை நிரப்பி, வடிநீரை அதற்குள் விட்டால், உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைத் தின்று காற்றாக்கிவிடும். கல்லூரியிலிருந்து வந்த ஷாரோன் மேடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். குழிக்கு முன்னால் ஒரு பாட்டில், பின்னால் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, காகிதப் பட்டையை முக்கி, அதன் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு எண்ணைக் குறிப்பது மிஸ்ரியாவின் வேலை.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு அது பெரிய வேலை. மாதக் கடைசிக்குள் எண் குறையாவிட்டால் குழியை மூடிவிடுவார்கள். உம்மா இப்போதே பீடி சுற்றும் தட்டைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டாள்.

முன்னால் ஐம்பது. பின்னால் நூறு. குழிக்குள் போன நைட்ரேட் குட்டி போட்டு வெளியே வந்தது.

சீவல் போதவில்லையோ என்றார் மேடம் போனில். மிஸ்ரியா செங்கோட்டை மர ஆலையிலிருந்து ஆறு மூட்டை வரவழைத்துக் கொட்டினாள். பின்னால் இருநூற்றைம்பது.

காற்றுப் பட்டால் அதுகள் நைட்ரேட்டைத் தொடாது என்றார். தார்ப்பாய் போட்டு மூடினாள். தினமும் காலையில் அதன் ஒரு மூலை விலகிக் கிடந்தது. சாரல் காற்றைத் திட்டிக்கொண்டே கல் வைத்தாள். எண் இறங்கவில்லை.

தண்ணீர் வேகமாக ஓடினால் தின்ன நேரம் இருக்காது என்று தானாகவே யோசித்து, தண்ணீர் வெளியேறும் இடத்தில் பலகை வைத்தாள். தண்ணீர் எதிர்த்து ஏறி அண்ணாச்சியின் வாழைக்குள் புகுந்தது. முழங்கால் சேற்றில் நின்றபடி அவர் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. பின்னால் ஐந்நூறு. அதற்கு மேல் அட்டையில் நிறமே கிடையாது.

“தொடவே மாட்டேங்குதா?” என்றாள் முப்பிடாதியம்மாள்.

“இல்லக்கா. நாளுக்கு நாள் மோசமாப் போவுது.”

“பாவம், வாயில்லாச் சீவன். அதுக யார்ட்ட போய்க் கேக்கும்?”

கடைசி நாள் வந்தது. சீசன் என்பதால் மேடம் குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து இறங்கினார். தானே தண்ணீர் பிடித்தார். பட்டை சிவந்து கறுத்தது.

“எத்தனையோ ஊர்ல குழி போட்டிருக்கோம். நைட்ரேட்டை உற்பத்தி பண்ற குழி இது ஒண்ணுதான்.”

இன்னும் ஒரு வாரம் கேட்கலாம் என்று மிஸ்ரியா வாயைத் திறந்தாள். அதற்குள் ‘பலனில்லை, மூடலாம்’ என்று மேடம் கைபேசியில் அடித்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

அந்த நேரத்தில் முப்பிடாதியம்மாள் தூக்குச்சட்டியோடு வந்தாள். மேடத்துக்கு ஒரு கும்பிடு போட்டாள். பழகிய கையால் கல்லை நகர்த்தி, தார்ப்பாயின் மூலையை விலக்கி, சட்டியைக் குழிக்குள் கவிழ்த்தாள். வெள்ளையாகப் பொடி விழுந்தது.

“யக்கா, என்னது அது?”

“நைட்ரேட்டுதான் அதுகளுக்குச் சாப்பாடுன்னு நீதானட்டி சொன்ன? ஒரு நாளும் நீ ஒரு பிடி வச்சதில்ல. அதான் அண்ணாச்சி வாழைக்கு வாங்குன நைட்ரேட்டு உரத்துல கொஞ்சம் போடுதேன். நீ மொகம் வாடுத அன்னைக்கெல்லாம் கூட ரெண்டு பிடி. மேடம் வருதாவளேன்னு இன்னைக்கு முழுச் சட்டி.”

மேடம் கைபேசியைப் பார்த்தார். மேலிடம் படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன.

மிஸ்ரியா பாட்டிலைக் கீழே வைத்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தாள்.